விளக்கை அணைத்த பிறகும் வெளிச்சம்: ஒரு மௌனப் படத் திரையிடல் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

லாஸ் ஏஞ்சலீஸுக்குத் தெற்கே உள்ள சிறிய பொது நூலகம் ஒன்றில் மாதம் ஒரு சனிக்கிழமை மௌனப் படங்கள் திரையிடுகிறோம். நூலகத்தின் பின்னறை, நாற்பது நாற்காலிகள், ஒரு பழைய புரொஜெக்டர், மூலையில் ஒரு பியானோ. இருபது முப்பது பேர் வருவார்கள். படத்தைத் தேர்ந்தெடுப்பதும், பிரதி தேடுவதும், படம் முடிந்ததும் பேச்சைத் தொடங்கி வைப்பதும் என் பொறுப்பு. இங்கே சொல்லப்போகும் தவறும் என்னுடையதுதான். மௌனப் படங்களை மற்றவர்களுக்குப் போட்டுக் காட்டுகிறவர்கள் யாராவது இதே இடத்தில் தடுக்கி விழக்கூடும் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

படம் ‘தி லோன்டேல் ஆபரேட்டர்’. டி. டபிள்யூ. கிரிஃபித் இயக்கியது. பயோகிராஃப் நிறுவனம் 1911 மார்ச்சில் வெளியிட்ட ஒற்றை ரீல் படம். கதை மேக் சென்னெட், ஒளிப்பதிவு பில்லி பிட்ஸர். வெளிப்புறக் காட்சிகளை எங்கள் நூலகத்துக்குப் பக்கத்திலேயே இங்கிள்வுட்டில் எடுத்தார்கள். இன்று விமான நிலையத்தின் இரைச்சலில் கிடக்கும் அந்த ஊர், அப்போது நகராட்சி ஆகி மூன்றே ஆண்டுகள் ஆன சிற்றூர். ‘நம்ம ஊர்ப் படம்’ என்று சொன்னால் கூட்டம் வரும் என்று நினைத்தேன். வந்தது.

கதை எளியது. மேற்கே ஒரு தனித்த ரயில் நிலையம். அங்கே தந்தி அடிப்பவருக்கு உடல்நிலை சரியில்லை. அவருடைய மகள் அப்பாவின் இடத்தில் உட்காருகிறாள். அவளை விரும்பும் இளைஞன் இஞ்சின் ஓட்டுநர். அவன் தன் வேலைக்குப் போய்விடுகிறான். சுரங்கத் தொழிலாளர்களின் சம்பளப் பணம் ஒரு பையில் நிலையத்துக்கு வந்து சேர்கிறது. அதைப் பறிக்க இரண்டு நாடோடிகள் வருகிறார்கள். கதவுகளைப் பூட்டிக்கொண்டு அவள் தந்தியில் உதவி கேட்கிறாள். செய்தி கிடைத்ததும் காதலன் இஞ்சினை ஓட்டிக்கொண்டு பாய்ந்து வருகிறான். அதற்குள் திருடர்கள் ஒவ்வொரு கதவாக உடைக்கிறார்கள். அவள் விளக்கை அணைத்துவிட்டு, கையில் எதையோ துப்பாக்கி போல நீட்டி அவர்களை அசையாமல் நிறுத்தி வைக்கிறாள். காதலன் வந்து சேர்ந்த பிறகுதான் அது ஒரு ஸ்க்ரூ ஸ்பானர் என்று க்ளோசப்பில் தெரிகிறது. திருடர்களே தொப்பியைக் கழற்றி அவளுக்கு வணக்கம் சொல்கிறார்கள்.

அந்தப் பெண்ணாக நடித்த பிளான்ச் ஸ்வீட்டுக்கு அப்போது வயது 14.

முதல் திரையிடல்: கவனித்தவை

இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு பிரதியைத்தான் போட்டேன். கறுப்பு வெள்ளை, ஓரளவு தெளிவானது, பின்னணியில் யாரோ சேர்த்திருந்த துள்ளல் பியானோ இசை. பதினோரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. முன்கூட்டி ஒரு தடவை பார்த்திருந்தேன். ஆனால் எனக்குத் தெரிந்த கதையைத்தான் அதில் பார்த்தேன், திரையில் இருந்ததை அல்ல. அது பின்னால்தான் எனக்குப் புரிந்தது.

முதல் பாதி நன்றாகப் போனது. இஞ்சின் பாய்கிற இடத்தில் அறை முன்னுக்கு வந்து உட்கார்ந்தது. அலுவலகம், இஞ்சின், கதவுக்கு வெளியே திருடர்கள் என்று மாறி மாறி வெட்டிச் செல்லும் அந்த முறை, நூறாண்டு தாண்டியும் வேலை செய்கிறது. ஒற்றை ரீலில் ஏறக்குறைய நூறு ஷாட்டுகள். அந்தக் காலத்துக்கு அது மிகப் பெரிய எண்ணிக்கை.

அப்புறம் அவள் விளக்கை அணைத்தாள். திரையில் எதுவும் மாறவில்லை. அதே வெளிச்சம், அதே மேசை, அதே சுவர். திருடர்கள் கதவை உடைத்து உள்ளே வந்தார்கள். பளிச்சென்ற வெளிச்சத்தில் இரண்டடி தூரத்தில் அவள் நீட்டிய ஸ்பானரைக் கண்டு நடுங்கிக் கைகளைத் தூக்கினார்கள். அறையில் சிரிப்பு வெடித்தது. படம் கேட்ட சிரிப்பு அது இல்லை. படத்தைக் கைவிட்ட சிரிப்பு.

விளக்கு போட்டதும் முதலில் பேசியது பாட்டியுடன் வந்திருந்த பதினைந்து வயதுப் பெண். “அது துப்பாக்கி இல்லைன்னு எனக்கே தெரியுது. இவங்களுக்கு ஏன் தெரியலை?” என்று கேட்டாள். நான் சொன்ன பதில் இன்னும் உறுத்துகிறது. “அந்தக் காலத்துப் பார்வையாளர்கள் எளிமையானவர்கள், இந்த மாதிரி ஓட்டைகளைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்” என்றேன். பலர் தலையாட்டினார்கள். நமக்கு முன்னால் வாழ்ந்தவர்கள் நம்மைவிட அப்பாவிகள் என்ற எண்ணம் எல்லோருக்கும் எளிதில் ஒத்துப்போகும்.

ஒருவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. எண்பதைத் தாண்டிய பெரியவர் அவர். 1950களில் கான்சாஸில் ரயில்வே தந்தி வேலையில் இருந்தவர். வழக்கமாகப் பேசாமல் உட்கார்ந்திருப்பார். அன்று, “ஸ்பானரை விடுங்கள். விளக்கை ஏன் அணைத்தாள்? அதைச் சொல்லுங்கள்” என்றார். என்னிடம் பதில் இல்லை. “ராத்திரி ஸ்டேஷனில் தனியாக இருக்கிறவள் காரணம் இல்லாமல் விளக்கை அணைக்க மாட்டாள்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

விசாரித்தபோது தெரிந்தது

வீட்டுக்கு வந்து அந்தக் கேள்வியோடு படத்தைப் பலமுறை போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. விளக்கை அணைப்பது ஒரு செயலாகவே காட்டப்படுகிறது. அதற்குப் பலன் இல்லாவிட்டால் இவ்வளவு கச்சிதமாக வெட்டிய படத்தில் அது எதற்கு?

பதில் பிரதியில்தான் இருந்தது. இந்தப் படம் வெளியானபோது, விளக்கு அணைந்த பிறகு வரும் அலுவலகக் காட்சிகள் நீலச் சாயம் ஏற்றப்பட்டவை. நீலம் என்றால் இருட்டு. 1911-இன் பார்வையாளருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவர் வாரந்தோறும் பார்த்துப் பழகிய மொழி அது. அன்றைய ஃபிலிமையும் விளக்குகளையும் வைத்து உண்மையான இருட்டில் படமெடுக்க முடியாது. உள்ளறைக் காட்சிகளையே லாஸ் ஏஞ்சலீஸில் திறந்தவெளி மேடையில் பகல் வெளிச்சத்தில்தான் எடுத்தார்கள். இருட்டைச் சாயம்தான் கொண்டுவந்தது.

அந்தச் சாயம் எப்படிக் காணாமல் போனது என்பதை எங்கள் குழுவில் இன்னொருவர் விளக்கினார். ஃபிலிம் லேப் ஒன்றில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெண்மணி. நெகட்டிவில் நிறம் கிடையாது. திரையரங்குக்குப் போகும் பாசிட்டிவ் பிரதியைத்தான் சாயத்தொட்டியில் முக்குவார்கள். ஒரே நிறம் வேண்டிய துண்டுகளைச் சேர்த்து முக்கி, காயவைத்து, பிறகு கதை வரிசைப்படி ஒட்டுவார்கள். ஆகவே நெகட்டிவிலிருந்து பிற்காலத்தில் எடுத்த பிரதியில் நிறம் இருக்காது. பயோகிராஃபின் நெகட்டிவ்கள் பெருமளவில் 1930களின் இறுதியில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு வந்து பிழைத்தன. சாயம் ஏறிய பழைய பிரதிகளிலிருந்து நகல் எடுத்தாலும், செலவைக் குறைக்கக் கறுப்பு வெள்ளை ஃபிலிமில்தான் பெரும்பாலும் எடுத்தார்கள். இன்னொரு வழியும் உண்டு. 1912 வரை அமெரிக்கச் சட்டத்தில் திரைப்படத்துக்கென்று தனிப் பதிவு இல்லாததால், படத்தைப் புகைப்படங்களாகக் காகிதச் சுருளில் அச்சிட்டுக் காங்கிரஸ் நூலகத்தில் பதிந்து வைத்தார்கள். அழிந்துபோயிருக்க வேண்டிய ஏராளமான படங்கள் அந்தக் காகிதத்தால் மிஞ்சின. காகிதத்திலும் சாயம் இல்லை.

ஆக, காப்பாற்றியவர்கள் எல்லோரும் படத்தைக் காப்பாற்றினார்கள், இருட்டு மட்டும் வழியில் உதிர்ந்துவிட்டது. அந்தத் திருடர்கள் முட்டாள்கள் இல்லை. இருட்டறையில், நிழலாக நிற்கும் ஒரு பெண் கையில் பளபளக்கும் உலோகத்தைப் பார்க்கிறார்கள். நானாக இருந்தாலும் கையைத் தூக்கியிருப்பேன்.

வேகத்திலும் பிழை இருந்தது. இந்தப் படத்தின் நீளம் 998 அடி. ஓர் அடிக்கு 16 ஃபிரேம், அதாவது 16 தனிப் படங்கள். விநாடிக்கு 16 ஃபிரேம் வீதம் ஓட்டினால் பதினாறரை நிமிடத்துக்கு மேல் வரும். நான் போட்ட பிரதி பதினோரு நிமிடத்தில் முடிந்தது என்றால், அது 24 ஃபிரேம் வேகத்தில் ஓடியிருக்கிறது. அவள் பயந்து நடந்ததெல்லாம் குடுகுடுவென்று ஓடியதாகத் தெரிந்ததற்குக் காரணம் இதுதான். சிரிப்புக்கு அறையை அப்போதே தயார்படுத்தி வைத்திருந்தது இந்த வேகம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அடுத்த மாதம் அதே படத்தை மறுபடி போடுவது என்று முடிவு செய்தேன். தவறான பதில் சொல்லி அனுப்பியவர்களுக்கு அது என் கடன்.

முதல் முடிவு வேகம் பற்றியது. 16-இல் ஓட்டிப் பார்த்தோம், சில இடங்கள் தளர்ந்து கிடந்தன. கையால் சுற்றி எடுத்த படத்துக்குச் சீரான ஒரே வேகம் என்று ஒன்று இல்லை. 18-இல் நடையும் கைவேலையும் இயல்பாக இருந்தன. ஏறத்தாழ பதினைந்து நிமிடம். அதை வைத்துக்கொண்டோம்.

நிறம் பற்றிய முடிவுக்குத்தான் நாள் பிடித்தது. சாயம் ஏறிய நல்ல பிரதி எதுவும் எங்களுக்கு எட்டவில்லை. 1911-இல் வந்த படம் என்பதால் பதிப்புரிமைத் தடை இல்லை, நாமே கணினியில் நீலம் ஏற்றலாம் என்றேன். லேப் பெண்மணி கடுமையாக எதிர்த்தார். “எந்த நீலம்? உங்களிடம் மாதிரி இருக்கிறதா? இல்லாததை ஊகித்துப் பூசிவிட்டு இதுதான் 1911 என்று காட்டுவீர்களா?” அவர் கேட்டது நியாயம். வாழ்நாள் முழுக்க நிறத்தைச் சரிபார்த்தவர் அவர். மறுபக்கம், நீலமில்லாத பிரதியும் 1911 இல்லை என்பதை அன்றைய சிரிப்பே காட்டிவிட்டது. இரண்டு தவறுகளில் எது சிறியது என்பதுதான் எங்கள் முன் இருந்த கேள்வி.

கடைசியில் ஒத்துக்கொண்டது இதுதான். விளக்கு அணைந்த பிறகு வரும் அலுவலகத்தின் உட்புறக் காட்சிகளுக்கு மட்டும் நீலம், வேறு எதையும் தொடுவதில்லை. படத்துக்கு முன்னால் ஓர் அட்டை: ‘இந்த நீலம் நாங்கள் சேர்த்தது. மூலப் பிரதிகளில் இங்கே நீலம் இருந்தது, அதன் சரியான சாயல் எங்களிடம் இல்லை.’ அப்புறம், சாயம் இல்லாத பிரதியின் அந்த மூன்று நிமிடப் பகுதியை முதலில் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு முழுப் படம். பதிவு இசையை நீக்கிவிட்டு, பக்கத்துப் பள்ளி இசை ஆசிரியை ஒருவரைப் பியானோவுக்குக் கேட்டோம்.

தந்தி வேலை பார்த்த பெரியவரிடமும் போனேன். கேள்வியை எழுப்பியவர் அவர், அவர் இல்லாமல் பதில் சொல்வது முறையில்லை. அவர் தன் பழைய தந்திக் கருவியைக் கொண்டுவருவதாகச் சொன்னார். படம் ஓடும்போதே அதை ஒலிக்கலாமா என்று எனக்கு ஆசை. அவரே வேண்டாம் என்றார். “அவள் கை ஒன்று அடிக்கும், என் கருவி வேறொன்று சொல்லும். தெரிந்தவனுக்கு அது பொய்.” அதனால் படம் முடிந்த பிறகு மட்டும் என்று வைத்தோம்.

இரண்டாம் திரையிடல்: நடந்தவை

இருபத்தாறு பேர் வந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேல் முதல் தடவையும் வந்தவர்கள். சாயமில்லாத பகுதிக்கு மறுபடி சிரிப்பு வந்தது, முன்பைவிடக் குறைவாக. பிறகு முழுப் படம்.

விளக்கு அணைந்தது, திரை நீலமானது. பியானோ ஆசிரியை அந்தக் கணத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டார். இது நாங்கள் பேசி வைத்தது இல்லை. கதவு உடைவதைச் சத்தமே இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் சிரிக்கவில்லை. ஸ்பானர் க்ளோசப்பில் வந்தபோது சிரித்தார்கள். அது மூச்சை விட்ட சிரிப்பு. திருடர்கள் தொப்பியைக் கழற்றியபோது இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். 1911-இல் கிரிஃபித் கேட்ட சிரிப்பும் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நம்புகிறேன்.

பதினைந்து வயதுப் பெண் மறுபடி வந்திருந்தாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அவளுக்கும் இருட்டுதானே? அவங்க நம்பினாங்களா இல்லையான்னு அவளுக்கும் தெரியாதே” என்றாள். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை, எனக்கும் தோன்றியதில்லை. விளக்கை அணைத்ததால் அவள் தன் கண்ணையும் கட்டிக்கொண்டாள். இஞ்சின் வரும்வரை, எதிரே என்ன நடக்கிறது என்று சரியாகத் தெரியாமல், கையை மட்டும் இறக்காமல் நிற்கிறாள். அந்தப் பெண் சொன்ன பிறகு படத்தின் அந்தப் பகுதி எனக்கு வேறு படமாகிவிட்டது.

அப்புறம் பெரியவரின் முறை. நமக்குத் தந்தி என்றால் வீட்டு வாசலில் நீட்டப்படும் காகிதம், பிரிப்பதற்குள் அடிவயிறு கலங்கும். அவருக்கோ அது சத்தம். கருவியை மேசையில் வைத்து அதன் பின்னால் ஒரு புகையிலைத் தகர டப்பாவைச் செருகினார். டிக்டிக் சத்தம் அறை முழுக்க எழுந்தது. சத்தத்தைக் கூட்ட ரயில்வே தந்திக்காரர்கள் எல்லோரும் செய்த வேலையாம் அது. அமெரிக்க ரயில்வே தந்தியில் ஒரு கம்பியைப் பல நிலையங்கள் பகிர்ந்துகொள்ளும். ஒருவர் அடிப்பது எல்லோர் மேசையிலும் கேட்கும். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓரிரு எழுத்தில் ஒரு பெயர் உண்டு. அந்த எழுத்தை யாராவது பதில் சொல்லும்வரை திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். கம்பியில் எப்போதும் மின்சாரம் ஓடும். அடிப்பதற்கு முன், சாவி என்று சொல்லும் தந்தி அடிக்கும் கைப்பிடியில் உள்ள சிறு நெம்பைத் திறக்க வேண்டும், முடித்ததும் மூட வேண்டும். மூட மறந்தால் கம்பி முழுதும் செத்துப்போகும், பதிலும் வராது. “நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தேன். பயத்தில் எங்களில் பலர் அந்த நெம்பை மறந்திருக்கிறோம்” என்றார்.

பெண்கள் இந்த வேலை பார்த்தது சினிமாக் கற்பனையா என்று ஒருவர் கேட்டார். இல்லை. 1840களிலேயே மாசசூசெட்ஸின் லோவெல் நகரில் சாரா பாக்லி தந்தி அலுவலகப் பொறுப்பில் இருந்தார். ரயில் பாதைகள் மேற்கே நீண்டபோது சின்னச் சின்ன நிலையங்களில் பெண்கள் தனியாக உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். பயோகிராஃபே மறு ஆண்டில் ‘தி கேர்ள் அண்ட் ஹெர் டிரஸ்ட்’ என்று கிட்டத்தட்ட இதே கதையை மறுபடி எடுத்தது. 1914-இல் தொடங்கிய கேலெம் நிறுவனத்தின் ‘தி ஹசார்ட்ஸ் ஆஃப் ஹெலன்’ தொடரில் தந்திப் பெண்ணின் சாகசங்கள் 119 பகுதிகள் ஓடின. குதிரையும் துப்பாக்கிச் சண்டையும் இல்லாமல் இது வெஸ்டர்னா, அதாவது அமெரிக்க மேற்குப் பகுதிக் கதை வகையா என்று ஒரு விவாதம் அன்று கிளம்பியது. என்னைக் கேட்டால், சுரங்கச் சம்பளம், தனித்த நிலையம், வெளியுலகத்தோடு இருக்கும் ஒரே கம்பி, இவற்றைவிட மேற்கு என்று வேறென்ன இருக்கிறது?

சரியாக அமையாதவை

நீலம் அதிகமாகிவிட்டது. வீட்டுத் திரையில் அளவாக இருந்தது, எங்கள் மங்கலான புரொஜெக்டரில் குழம்பாகிவிட்டது. கடைசி வரிசையில் இருந்த இருவருக்கு அவள் கையில் எதையோ நீட்டுவதே தெரியவில்லை. அவர்களுக்கு க்ளோசப் திடீரென்று முளைத்த மாதிரி இருந்திருக்கிறது. பார்வை குறைந்த ஒரு பாட்டி பாதியில் பார்ப்பதை விட்டுவிட்டார். படம் போடுகிற அறையில், போடுகிற கருவியிலேயே சோதித்திருக்க வேண்டும்.

இன்னொன்று, “உள்ளே ராத்திரி, வெளியே பகலா?” என்ற கேள்வி. இஞ்சின் ஓடும் காட்சிகள் தெளிவான பகல் வெளிச்சத்தில் எடுத்தவை. அவற்றை நாங்கள் தொடவில்லை. நீல அறையிலிருந்து வெள்ளை வெளிக்குத் தாவும்போது சிலருக்குக் கதை அறுந்தது. அதற்கு அட்டையில் ஒரு வரிகூடச் சொல்லாதது எங்கள் குறை.

இனிச் செய்யும் மாற்றங்கள்

படத்துக்கு முன் பிரதியைப் பார்க்கிறோம். எத்தனை அடி, எத்தனை நிமிடம் என்று கணக்குப் போட்டு வேகத்தைக் கண்டுபிடிக்கிறோம். விளக்கு ஏற்றுவது, அணைப்பது, தீப்பிடிப்பது போன்ற இடங்களில் படம் ஒளியை மாற்றச் சொல்லியும் திரை மாறவில்லை என்றால், அங்கே சாயம் போயிருக்கலாம் என்று குறித்துக்கொள்கிறோம். யாராவது ‘இது ஏன் இப்படி?’ என்று கேட்டால் அந்தக் காலத்து மக்களைப் பற்றி நான் பேசுவதில்லை. அடுத்த மாதம் சொல்கிறேன் என்கிறேன்.

நீலத்தை லேப் பெண்மணியே நூலக அறையில் உட்கார்ந்து பாதிக்கு மேல் குறைத்துத் தந்தார். இப்போது இருட்டும் இருக்கிறது, கடைசி வரிசைக்குக் கையும் தெரிகிறது. ஸ்பானரின் க்ளோசப்புக்கு நீலம் போடுவதா வேண்டாமா என்பதில் மட்டும் எங்களுக்குள் இன்னும் ஒப்புதல் இல்லை. அறை இருட்டாக இருந்தால் அந்த ஷாட்டும் இருட்டுதான் என்கிறார் அவர். உண்மை வெளிப்படும் கணம், வெள்ளையாக இருக்கட்டும் என்கிறார் பெரியவர். இரண்டு விதமாகவும் ஒரு பிரதி வைத்திருக்கிறோம்.